சீருக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

நான்காவது கடையிலும் அழகப்பன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும். தேநீரைக் குடித்துவிட்டால் அப்புறம் விலையைப் பற்றி வாய் திறக்க முடியாது. சைகோனில் முப்பத்தைந்து வருஷம் துணி விற்றவருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நின்றபடியே, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிறம் மாறி மாறி மினுக்கிய கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். இத்தனை மினுக்குகிற சரக்கு எதையோ மறைக்கிறது என்று தோன்றியது.

மகள் அலமுவின் கல்யாணச் சீருக்குத்தான் இந்த அலைச்சல். வெள்ளிப் பாத்திரம் வேண்டாம், புதிதாக வருகிற விளையாட்டுகள் ஓடும்படி ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சுப்புராமன் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அவன்தான் தூண்டிவிட்டிருக்கிறான் என்று அழகப்பன் நினைத்தார்; மகளிடம் சொல்லியும்விட்டார்.

"விளையாடப்போறது நானு, அப்பச்சி. அவருக்குச் சீட்டாட்டம்கூடத் தெரியாது."

"அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாக."

கூடவே வந்திருந்த அலமு போனை நீட்டினாள். அவள் விரும்பிய விளையாட்டு ஓட என்னென்ன வேண்டும் என்று அதில் இரண்டு வரிசையாகப் போட்டிருந்தது. ஒன்று குறைந்தபட்சம், மற்றது நன்றாக ஓட.

"குறைந்தபட்சமா? நம்ம வீட்டுச் சீர்ல அப்படி ஒண்ணு எப்ப இருந்துச்சு?"

எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறி, மற்ற தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது அவர் தகப்பனார் மட்டும் இங்கேயே தங்கினார். அன்று முதல் இன்றுவரை அவர்கள் வீட்டிலிருந்து போன ஒரு பொருளையும் யாரும் குறை சொல்லித் திருப்பியதில்லை. இந்தக் கல்யாணத்தில் அந்தப் பெயர் கெட்டுவிடக் கூடாது. அவருக்கு வேறு கவலை இல்லை.

கடையை நடத்திய ஹான் என்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். "பாக்," என்று வியட்நாமிய வழக்கப்படி பெரியப்பா முறை வைத்து மரியாதையாகவே பேசினாள். அவர் காட்டிய விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, அதற்கு அடுத்ததே இந்த விளையாட்டுக்குத் தாராளம் என்றாள். விலை கூடியதை வேண்டாமென்று சொல்லும் வியாபாரியை அழகப்பன் தன் ஆயுளில் பார்த்ததில்லை. மூன்றாவது கடைக்காரன் வேறு எச்சரித்திருந்தான். கிரிப்டோ எனும் இணையப் பணம் தோண்டுவதற்காக வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்ந்த கார்டுகளைக் கழுவித் துடைத்துப் புதுசென்று விற்கிறார்களாம். உழுத எருமை என்று சந்தையில் அதற்குப் பெயராம்.

உயர்ந்த கார்டையே எடுத்தார். ஒவ்வொரு பெட்டியின் ஒட்டுக்காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டித் தந்துவிடுகிறேன், பாக். பிராசசரையாவது நானே மாட்டுகிறேன். அடியில் முடி மாதிரிக் கம்பிகள் இருக்கின்றன, வளைந்துவிடும்."

"வேண்டாம். எல்லாம் பெட்டி பெட்டியாகவே வரட்டும்."

உள்ளே கொண்டுபோய் எதை மாற்றுவாளோ என்ற பயம் பாதி. மீதி, சீர்ச் சாமான் பரப்பும் வழக்கம். பூட்டிவிட்டால் அது ஒரே பெட்டி. பிரித்து வைத்தால் பன்னிரண்டு சாமான்; கூடம் நிறையும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, கூடத்தில் பாய் விரித்துச் சாமான் பரப்பினார்கள். மூடிக் கொடுத்தால் குறையை ஒளிப்பதாகப் பேசுவார்கள் என்று அழகப்பன் தன் கையாலேயே ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து வைத்தார். பிராசசர் தீப்பெட்டி அளவுகூட இல்லை. எங்கே வைத்தாலும் கண்ணில் படவில்லை. வெள்ளித் தட்டில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் குவித்து, அதன்மேல் அழுத்தி நிறுத்தினார். இப்போது எடுப்பாக இருந்தது.

காரைக்குடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இது ஓடுமாண்ணே?" என்று கேட்டார்.

அழகப்பனுக்குச் சுருக்கென்றது. "ஓட்டிக் காட்டித்தான் அனுப்புவேன்," என்றவர் ஹானுக்குப் போன் போட்டார். அவள் வருவதற்குள் பிராசசரை எடுத்து வேட்டித் தலைப்பால் நன்றாகத் துடைத்து வைத்தார்.

ஹான் பாயில் உட்கார்ந்து அதைப் புரட்டினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தீகளா?" என்று அழகப்பன் சபையைப் பார்த்துக் குரல் உயர்த்தினார். "உழுத சரக்கு. நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன். ஏமாத்திட்டா."

ஹானுக்குத் தமிழ் புரியவில்லை. பிராசசரை மூக்கருகே கொண்டுபோனாள். "பாக், இதில் சந்தன வாசனை அடிக்கிறது. கம்பிகளுக்கு நடுவே மாவு மாதிரி அடைத்திருக்கிறது. வரிசையாக வளைந்தும் இருக்கின்றன. யாரோ இதை எதிலோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள்."

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் சம்பந்தி அம்மாள்.

மாப்பிள்ளை அங்கே இல்லை; மற்றவர்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்தவர்கள். கூடத்தில் வியட்நாமிய மொழி தெரிந்தவர்கள் ஹானைத் தவிர இரண்டே பேர். அழகப்பன் மகளைப் பார்த்தார். அலமு அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைக்காரி குற்றத்தை ஒத்துக்கொண்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபை நம்பிவிடும். அவர் நாக்கு நுனிவரை அது வந்தது. ஹான் ஒன்றும் அறியாமல், பையிலிருந்து ஊசியை எடுத்து ஒரு கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அழகப்பன் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சாமான்ல குத்தமில்லை. அந்தப் பொண்ணு மேலயும் இல்லை. மாட்டித் தாறேன்னு அவ சொன்னா, நான் விடலை. சந்தனத்துல அழுத்தி வச்சது நான். ஏமாத்திட்டான்னு சொன்னது என் தப்பு."

சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லவேளைண்ணே, மஞ்சத் தண்ணியில குளிப்பாட்டாம விட்டீக."

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அழகப்பன் சிரிக்கவில்லை. ஹானிடம் போய் அவள் மொழியில், "அதை நிமிர்த்த வேண்டாம். குறைப்பட்டது என் வீட்டிலிருந்து போகாது. புதிது ஒன்று கொண்டு வந்து நீயே மாட்டு," என்று சொல்லி, அதற்குள்ள பணத்தை அப்போதே கொடுத்தார்.

ஹான் தலையசைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினாள்.

"பணத்தை மொத்தமாக் குடுத்திட்டீக," என்றார் சம்பந்தி அம்மாள். "திரும்பி வருமா அந்தப் பொண்ணு?"

"வருவா," என்றார் அழகப்பன். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.