உயிரோடு நான்கு நத்தைகள்

ஏரியின் அடியில் எது செத்தது, எது பிழைத்தது என்று எண்ணிச் சொல்வதுதான் லவினாவின் வேலை. இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று ரிச்சர்ட்ஸ் டவுனில் அவளோடு சர்ச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் சந்தேகம். புழு, நத்தை, மட்டி, சேற்றில் நெளிகிற இன்னும் சில. பதினோரு வருடமாக எண்ணுகிறாள். ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சந்தாபுரா பக்கத்து ஏரி ஒன்றில், தொழிற்சாலை டேங்க் உடைந்து பாய்லர் எண்ணெய் இறங்கி ஒரு மாதம் கழித்துத்தான் அவளை அனுப்பினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒரு கடிதம் மேஜைவிட்டு மேஜை நகர அவ்வளவு நாள் ஆகுமாம். மேலே மிதந்த எண்ணெயைத் தொழிற்சாலைக்காரர்கள் வழித்துவிட்டார்கள். அடியில் படிந்தது அப்படியே கிடந்தது. அடியில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று லவினாவின் அறிக்கை சொன்னால், அந்தச் சேற்றையும் அவர்கள் அள்ளியாக வேண்டும். இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

அந்த அறிக்கையையே நம்பி இருந்தவள் மரகதம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, இருபது வருடமாக அந்த ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நத்தை பொறுக்கி ஞாயிறு சந்தையில் விற்கிறவள். மூலத்துக்கு நல்லது என்று காரில் வந்து, கண்ணாடியை முழுசாக இறக்காமலே வாங்கிப் போகிறவர்களும் உண்டு. எண்ணெய் இறங்கிய நாளிலிருந்து அவள் கூடை காலி.

மாதிரி எடுக்கிற அன்று காலை, இரும்புத் தாடையைக் கயிற்றில் கட்டி இறக்கி, சேற்றைக் கவ்வி மேலே இழுத்தார்கள். ஒன்பது இடத்தில் கறுப்புச் சேறும் நாற்றமும்தான். பத்தாவது இடம் கரையோரம். சல்லடையில் அலசியபோது நான்கு நத்தைகள் கிடந்தன. தொட்டதும் மூடியை இழுத்துக்கொண்டன. லவினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொழிற்சாலை சார்பில் வந்திருந்த ஹரிஷ்குமாரை அவளேதான் கூப்பிட்டுக் காட்டினாள், புத்திசாலி. அவன் குனிந்து நிதானமாகப் போட்டோ எடுத்துக்கொண்டான். கரையில் நின்ற மரகதமும் சிரித்தாள். நத்தைகள் கெடாமலிருக்க ஃபார்மலின் பாட்டிலுக்குள் போயின. பாட்டிலுக்கு சீல் வைத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

லவினா எண்ணியபடியே எழுதினாள்: உயிருள்ள நத்தை, நான்கு. ஜீவனஹள்ளியில் லேப் நடத்துகிற அவள் முதலாளி பத்ரிநாத், நத்தை இனம் மீண்டு வருகிறது என்று கீழே ஒரு வரி சேர்த்தார். நான்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று அவள் சண்டை போட்டாள். செத்த ஏரியில் நான்கு எப்படி வந்தது, நீயே சொல் என்றார் அவர். அவளுக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதில், வாரியத்தின் விசாரணை நாளில், ஆபீஸ் வராந்தாவில் கிடைத்தது. அறிக்கையில் இருப்பதை யாரோ கன்னடத்தில் படித்துச் சொல்ல, மரகதம் முகம் வெளுத்து லவினாவிடம் வந்தாள்.

"மேடம், அதுங்கள நான்தான் போட்டேன்."

லவினாவுக்கு முதலில் புரியவில்லை. மரகதம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க வந்து பாக்கறப்ப ஒண்ணுமே இல்லன்னா, இங்க நத்தையே இருந்ததில்லன்னு எழுதிருவாங்கன்னு பயந்துட்டேன். அத்திப்பள்ளி தாண்டி வேற ஏரில முப்பது புடிச்சாந்து, நீங்க வர்றதுக்கு முன்னாடி வுட்டேன்."

லவினா அதை அக்கணமே நம்பினாள். இந்தப் பெண்ணைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

உள்ளே மரகதமே எழுந்து அதைச் சொன்னாள், திக்காமல், நல்ல கன்னடத்தில். இரண்டு பேர் சிரித்தார்கள். அறிக்கை பாதகமாக வந்த பிறகு கட்டுகிற கதை என்றான் ஹரிஷ்குமார். நிஜமாகவே போட்டிருந்தால் மாதிரியில் கைவைத்ததற்கு முதலில் அவள்மேல்தான் கேஸ் என்றும் சொன்னான். விசாரணை அதிகாரி லவினா பக்கம் திரும்பினார். நத்தையைப் பார்த்து, அது எந்த ஏரியில் வளர்ந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அந்தம்மா சொல்வதை நம்புகிறேன் சார் என்றாள் லவினா. நான் நத்தையைப் பற்றிக் கேட்டேன் என்றார் அவர், கோபமில்லாமல்.

இரண்டு ஏரியிலும் ஒரே இனம். ஓட்டிலும் சதையிலும் எந்த வித்தியாசமும் இல்லை. முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே மறுத்துப் பேச வேறு நிபுணர் இல்லை. லவினாவின் நாக்கு அந்த வார்த்தைக்கு வளையவில்லை.

"முடியாது சார்."

அவர் எழுதிக்கொண்டார். மறுபடி மாதிரி எடுக்கலாமே என்று அவள் கெஞ்சினாள். அதற்கு உத்தரவு இல்லை என்றார். ஃபைல் மூடப்பட்டது. கேஸ் எதுவும் வேண்டாம், பாவம் என்று ஹரிஷ்குமார் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான்.

வாசலில் மரகதம் அவளுக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று லவினா நினைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

"நான் முப்பது வுட்டேன். நீங்க நாலு எடுத்தீங்க. மிச்சம் இருவத்தாறும் செத்திருக்கும்ல மேடம்?"

"செத்திருக்கும்க்கா."

"அப்ப அத யாரு எண்ணுவாங்க?"

மரகதம் பதிலுக்கு நிற்காமல் சந்தாபுரா பஸ்ஸுக்கு நடந்தாள்.