பானை பஸ்

எங்கள் குடும்பத்தில், கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்டவர்கள் இரண்டே பேர். முதல் ஆள் என் மனைவி சௌந்திரம். கல்யாணமாகி வந்த முதல் வாரம், சந்தைக்குப் புறப்பட்ட என் அண்ணனிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அண்ணன் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். போகிறவரை அப்படிக் கேட்டுவிட்டால் அதுதான் பரிகாரம். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நாலு வருஷமாக அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் சொல்வார், அவள் பக்கத்திலேயே நின்றாலும்.

இரண்டாவது ஆள் நான். நான் அதையே உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன்.

1938-ல் சேலம் ரயிலடிக்கும் அஸ்தம்பட்டிக்கும் டவுன் பஸ் விட, வெங்கடாசலம் என்ற முதலாளிக்கு மூன்று மாத அனுமதி கிடைத்தது. ஊர் வளர்கிறதாம், அஸ்தம்பட்டிப் பக்கம் புது வீடுகள் எழும்புகிறதாம், இனிமேல் ஜட்கா வண்டி போதாதாம். மூன்று மாதம் முடிகிற அன்றைக்குக் காலை நடையில் ஒரு அதிகாரி ஏறிப் பார்ப்பார். இருபது இடத்தில் பதினாறு இடமாவது நிறைந்திருந்தால் பஸ் நிரந்தரம். குறைந்தால் அன்றோடு சரி. அந்த பஸ்ஸுக்கு நான் கண்டக்டர், ஆண்டி டிரைவர்.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது அண்ணன் சின்னுசாமி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"போறவன எங்க போறேன்னு கேக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா சென்னியப்பா? எவன்டா ஏறுவான்? மூணு மாசம் முடியற அன்னைக்கு நானே வண்டி கட்டிக்கிட்டு வாரேன். சட்டி பானையெல்லாம் கட்டி வெச்சுக்கிட்டுத் தயாரா இரு. உம்பொண்டாட்டிகிட்டயும் சொல்லிப்போடு."

உம்பொண்டாட்டி ரெண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அண்ணி செத்த பிறகும் எங்களை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த வீட்டில் எருமைகூட அவரைக் கேட்டுக்கொண்டுதான் கன்று போட வேண்டும். சௌந்திரம் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் பிடித்த ஒற்றை அறைக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஒரு ரசம் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். "மறுபடி அங்க போக வெச்சுராதீங்க" என்றாள். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் முதல் ஆளாக ஏறியது பொன்னாத்தாள் என்கிற அம்மா, மடியில் கத்தரிக்காய்க் கூடை. "எங்கீங்க போகோணும்?" என்றேன்.

"நிறுத்துடா வண்டிய!" என்று அலறினாள். "மொத வேவாரத்துக்குப் போறேன், வாயில கொள்ளி வெச்சானே!" இறங்கி நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம், தட்டு, வெற்றிலை, பூவோடு நாலு பேரும் இறங்கிப்போனார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

வெளியூர் பஸ்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. ராசிபுரம் போகிறவன் தானே "ராசிபுரம் ஒண்ணு" என்று கத்திவிடுவான். டவுன் பஸ் ஊருக்குப் புதுசு. வீட்டு வாசலில் நின்று கை காட்டி ஏறுகிறவனுக்கு அதுவும் வாசல்படிதான். சரி, நாசூக்காகக் கேட்போம் என்று "தூரமுங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இல்லீங்க, இப்பிடித்தான், பக்கத்துல" என்றார்கள். இப்பிடித்தானுக்கு முதலாளி டிக்கெட் அச்சடிக்கவில்லை.

ஒரு மாதம் முடிவதற்குள் நானும் ஆண்டியும் மட்டும் சேலத்தை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டோம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சௌந்திரம் மோர் ஊற்றிக்கொண்டே, "கேக்காம முடியாதுங்களா?" என்றாள்.

"கேக்காம எப்பிடி டிக்கெட் கிழிக்கறது?"

"அப்பக் கேளுங்க. கேட்டுப்போட்டு உக்கார வெச்சுத் தண்ணியக் குடுங்க. ஊட்டுல அதத்தான செய்யறோம்?"

நான் அவளையே பார்த்தேன். ஒரு மாதமாக இந்த மண்டைக்குள் என்ன இருந்தது என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ரயிலடி தொடங்கி அஸ்தம்பட்டி வரை ஐந்து இடம் பார்த்தேன், ஐந்தும் மரத்தடி. ஒவ்வொன்றிலும் உட்கார ஒரு பலகைக் கல், பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர். பானைகள் சௌந்திரத்தின் சீர்ப் பானைகள். பஸ் இனி அங்கே மட்டும்தான் நிற்கும் என்று ஆண்டியிடம் சொன்னேன். பஸ் வந்து நின்றதும் நான் கீழே இறங்கி எல்லோரையும் ஒரேயடியாகக் கேட்பேன். அவர்கள் என்னை ஒரேயடியாக முறைப்பார்கள். பிறகு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எழுந்து, புதிதாகப் புறப்படுகிறவர்களைப் போல ஏறுவார்கள். வாசலுக்கு வாசல் நிற்காததால் ரயிலடியிலிருந்து அஸ்தம்பட்டிக்கு முன்னைவிடப் பாதி நேரம்தான் ஆயிற்று. ஊர் அதற்குப் பானை பஸ் என்று பெயர் வைத்தது. பொன்னாத்தாளே வந்தாள். "ம், கேளு" என்று வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாளும் வந்தது. அதிகாரி மதராஸ்காரர், தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக முன்சீட்டில் உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்தில் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததைப் பார்த்து, "இது எதற்கு?" என்றார்.

"வெயிலுங்க" என்றேன். மணி ஏழரை. அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

பாழாய்ப்போன அன்றைக்கு என்று பார்த்து செவ்வாய்ப்பேட்டையில் சந்தை இல்லை. அந்த நிறுத்தத்தில் ஏற்றியும் பதினைந்து தலைதான். அதற்கு மேல் கடைவீதியில் அந்த நேரத்துக்கு இறங்குவார்களே தவிர யாரும் ஏறமாட்டார்கள். தலையை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினாலும் பதினைந்துதான் வந்தது.

மரத்தின் அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நின்றது. சொன்ன சொல் தவறாமல் அண்ணன் வந்திருந்தார். வண்டிக்குள் எங்கள் சாமான்களுக்காக வைக்கோல் பரப்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பஸ்ஸில் காலி இடங்களைப் பார்த்தார். பிறகு மாட்டை மரத்தில் கட்டிவிட்டு வந்து பலகைக் கல் பக்கத்தில் நின்றார்.

"கேட்டுத் தொலை" என்றார்.

பிறந்ததிலிருந்து அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. "எங்... எங்கீங்கண்ணா போகோணும்?"

"அஸ்தம்பட்டி." அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது, ஒரு ஆளையும் தெரியாது. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், ஏறினார். அஸ்தம்பட்டியில் இறங்கி, பஸ்ஸை நம்பாமல், வந்த வழியே நடந்து திரும்பினார்.

பஸ் நிரந்தரம் ஆயிற்று. அதிகாரி எழுதிய அறிக்கையைப் பிறகு முதலாளி படித்துக் காட்டினார். சேலத்து ஜனங்கள் வெயில் தாங்காதவர்கள், ஆகவே நிறுத்தம்தோறும் கூரையும் ஆசனமும் தண்ணீர்க் குழாயும் அவசியம் என்று இருந்தது. ஒரு வருஷத்தில் ஐந்து நிறுத்தத்திலும் எல்லாம் வந்துவிட்டன.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் எங்கள் ஒற்றை அறைக்குள் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏத்தறதுக்குச் சட்டி பானை எங்கடா?"

"ரோட்டுல இருக்குதுங்கண்ணா."

தலையை ஆட்டினார். "ஒண்டியா ஒலை வெக்க முடியலடா எனக்கு. அத்தன பெரிய ஊட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. அதான் வந்தேன்" என்றார். பிறகு தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "செரி, நல்லா இருங்க. வாரேன்" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

இருங்கள் என்று அவரிடம் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அவர் கால் வாசல்படியைத் தாண்டப்போன நேரம் பார்த்துக் கேட்டேன். "எங்கீங்கண்ணா போறீங்க?"

"அறிவு கெட்டவனே! கெளம்பறவன..." என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார். சௌந்திரம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தார். நான் மறுபடி கேட்டேன். முறைத்தார், உட்கார்ந்தார், குடித்தார், எழுந்தார். மறுபடியும் கேட்டேன்.

மூன்றாவது செம்பை அவர் தொடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, நேராக அவளைப் பார்த்தார்.

"தண்ணி போதும் சௌந்திரம்," என்றார். "சோத்தப் போடு."