அஷ்டமியில் காலியான இருக்கை

அது வெள்ளிக்கிழமைதானா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கியது நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் வெள்ளி என்கிறேன். என் மனைவி ஜயலக்ஷ்மி சமையலறையில் நின்றிருந்தாளா, கூடத்தில் முதுகுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தாளா என்பதும் மாறி மாறி வருகிறது. நடந்ததை மனத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஓட்டி ஓட்டி அதன் ஓரங்கள் தேய்ந்திருக்கலாம். கணினித் திரையில் தெரிந்த அந்த ஒற்றை விமான இருக்கை மட்டும் தேயவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்பர்ன். கட்டிலாக நீளும் இருக்கை. வரியை மட்டும் பணமாகக் கட்டினால் போதும், மீதியைப் பாயிண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் மகள் மாதுரி மெல்பர்னில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம், முதல் பிரசவம். மாப்பிள்ளை அபிஜித்துக்குத் தாயார் இல்லை. அம்மா எப்போது வருகிறாய் என்று மாதுரி கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்காக அவள் வேறு என்னென்னவோ பேசினாள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜயாவுக்கு முந்தைய வருஷம் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மணிக்கணக்கில் நிமிர்ந்து உட்காரவே கூடாது, படுத்துக்கொண்டு போவதானால் நிலாவுக்குக்கூடப் போகலாம் என்று பாளையங்கோட்டை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். படுத்துக்கொண்டு போகும் டிக்கெட்டின் விலையை அன்றே பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்த செலவு அது.

ஆனால் என்னிடம் பாயிண்டுகள் இருந்தன. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கொள்முதல் பார்க்கிறேன். கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போய் வந்த செலவுகளை என் சொந்தக் கிரெடிட் அட்டையில் போட்டு, பிறகு கம்பெனியில் வாங்கிக்கொள்வது வழக்கம்; செலவுக்கு ஏற்ப அட்டையில் பாயிண்ட் சேரும். கூட வேலை பார்த்தவர்கள் அப்படிச் சேர்ந்ததைக் கொடுத்து மிக்ஸி வாங்கினார்கள், சூட்கேஸ் வாங்கினார்கள். சிலர் சென்னைக்கு ஒருமுறை பறந்துவிட்டு இலவசம் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் தொடவில்லை. ஒரே பாயிண்ட், மிக்ஸிக்குக் கொடுத்தால் சில்லறை. கடல் தாண்டும் கட்டிலுக்குக் கொடுத்தால் அதன் மதிப்பு பல மடங்கு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். பொறுமைதான் வேண்டும், அது என்னிடம் தேவைக்கு மேலேயே உண்டு.

இன்னொன்றிலும் கறாராக இருந்தேன். அட்டையில் இருக்கும் பாயிண்டை எந்த விமானக் கம்பெனிக்கும் மாற்றலாம். மாற்றிவிட்டால் திரும்பி வராது. அதனால் இருக்கையைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு பாயிண்டையும் நகர்த்த மாட்டேன். ஜயாவின் அண்ணா லக்ஷ்மிநாராயணனுக்கு இது சூதாட்டமாகப் பட்டது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தெற்கு ரத வீதியில் வீடு. "மாப்ளே, கெடைக்கிறத வாங்கிப் போட்டுடுங்கோ. இப்படி அடைகாத்துண்டு இருந்தா ஒருநாள் கூமுட்டையாப் போயிடும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாததை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை இருக்கை தெரிந்தபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. பயணம் ஒரு புதன்கிழமை, வளர்பிறை தசமி. நாளில் குறையே இல்லை. பதிவு செய்யும் நேரத்தில்தான் குறை இருந்தது. பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிந்ததும் அழுத்தலாமே என்றாள் ஜயா. நான் அவளைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் பேரக்குழந்தைக்கான பயணம் என்பதால் எனக்கும் உள்ளே எங்கோ சம்மதம் இருந்திருக்க வேண்டும். இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் பக்கத்தைப் புதுப்பித்தேன். இருக்கை இல்லை. ராகு காலம் பற்றித் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் மாதுரி கூப்பிட்டபோது, குழந்தையைக் குளிப்பாட்ட அங்கே ஆள் கிடைக்குமா என்று ஜயா விசாரித்தாள். கிடைப்பார்கள் என்றாள் மாதுரி.

மறுநாள் குறுக்குத்துறைக்குப் போய்ப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. எனக்கு யோசனை வருவதற்கு ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாயிண்டுக்கென்று கம்பெனி தனியாக இருக்கை செய்து வைப்பதில்லை. பணத்துக்கு விற்காது என்று தோன்றுவதைத்தான் திறந்துவிடுகிறது. அப்படியானால் எது விற்காது? மதுரையிலிருந்து கொழும்பு வழியாகவும் மெல்பர்னுக்குப் போகலாம். மதுரையில் விமானம் ஏறுகிறவர்கள் யார்? எங்களைப் போன்றவர்கள். பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் போகிற அப்பா அம்மாக்கள். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அதே தினசரிக் காலண்டர்தான். நான் இத்தனை நாளும் நல்ல நாளிலேயே தேடிக்கொண்டிருந்தேன், அவர்கள் எல்லோரும் தேடுகிற நாளில்.

வீட்டுக்கு வந்து, காலண்டரில் எந்த நாட்களை இந்த ஊர் ஒதுக்குமோ அவற்றை மட்டும் தேடினேன். மூன்றாவதாகப் பார்த்த நாளிலேயே கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, தேய்பிறை அஷ்டமி. செவ்வாயன்று வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. மதுரையோ எங்களுக்கு நேர் வடக்கு. இதைவிட மோசமான நாளை ஜோசியரே முனைந்தாலும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. மதுரையிலிருந்து கொழும்புக்குக் கொஞ்சநேரப் பயணம்தான், அதை அவள் உட்கார்ந்தே தாங்குவாள். கொழும்பிலிருந்து இரவு முழுக்கக் கட்டில். முந்தைய கம்பெனிக்குப் பாயிண்டை மாற்றாமல் வைத்திருந்ததால் இந்தக் கம்பெனிக்கு மாற்றலாம். ஒருத்திக்குத்தான் போதும். அவள் தனியாகப் போக வேண்டும்.

ஜயாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், இது நன்றாக நினைவிருக்கிறது. நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அஷ்டமின்னு தெரிஞ்சேதான் சொல்றேளா?"

"தெரிஞ்சுதான். அஷ்டமிங்கறதாலதான் இருக்கு."

"எனக்கு ஒண்ணு ஆனா ஆயிட்டுப் போறது. பிரசவத்துல அவளுக்கு ஏதாவதுன்னா, நாள் பாக்காம வந்தாளே மகராஜின்னு யாரும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிண்டு கெடப்பேன், சாகற வரைக்கும்."

அவளைத் திட்டவோ, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. அவள் பயந்தது நாளுக்கு இல்லை, பின்னால் தன்னோடு தானே பேசப்போகும் பேச்சுக்கு. அந்த மாதிரிப் பேச்சு எனக்கும் பழக்கம்தான். எதிரே உட்கார்ந்தேன். வெண்டைக்காய் முடிந்தது. கத்தியைக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் டவுண் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நின்று ஹாரன் அடித்துப் பிறகு போனது.

"மதுரைக்குப் போற வழியில நமக்குத் தெரிஞ்சவா வீடு ஏதாவது இருக்கா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பரஸ்தானம். ஆகாத நாளில் கிளம்பியே தீர வேண்டும் என்றால், முன்னதாக ஒரு நல்ல நாளில் தன் பை ஒன்றைப் போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை வாசலைத் தாண்டியதும் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. மூன்று நாளைக்குள் ஆளும் கிளம்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை, காதில் விழுந்ததோடு சரி.

"நமக்குக் கார் ஓட்டற சங்கிலி வீடு மதுரை ரோட்டுல, கங்கைகொண்டான்லதானே இருக்கு" என்றேன்.

"அப்போ இப்பவே அழுத்துங்கோ."

என்னை மறந்து கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதைப் பாக்காதீங்கோ" என்றாள்.

பாயிண்டை மாற்றினேன். சில நிமிடம் எங்கேயும் இல்லாமல் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஜயலக்ஷ்மி ஸ்ரீவத்ஸன் என்ற பெயரில் டிக்கெட் வந்தது. அவள் அதை இரண்டுமுறை படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

லக்ஷ்மிநாராயணன் கேள்விப்பட்டு வந்து, பஞ்சாங்கத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பையைப் பிராமணர் வீட்டில் வைப்பதுதானே முறை என்று இழுத்தார். மதுரைச் சாலையில் அவருக்குத் தெரிந்த பிராமணர் வீடு இருந்தால் சொல்லும்படி ஜயா கேட்டாள். அவர் காப்பி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். சங்கிலிபூதத்தான் பல வருஷமாக என்னை மூன்று விமான நிலையங்களுக்கும் கார் ஓட்டிக் கொண்டுபோகிறவர். கிழக்கே தூத்துக்குடி, வடக்கே மதுரை, மேற்கே திருவனந்தபுரம் என்று நடுவில் இருப்பதுதான் நம்மூருக்குச் சாமி கொடுத்த வரம் என்பார். பையில் ஒரு பட்டுப்புடவையும் மஞ்சளும் கொஞ்சம் அரிசியும் இருந்தன. அவர் மனைவி முத்துராணி பையை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சாமி படத்துக்குக் கீழ வைக்கவாம்மா? பீரோவுக்குள்ள வச்சா ஒண்ணுஞ் செய்யாதுல்லா?"

எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், தன் வீட்டுக்கு மட்டும் திரும்பி வரக்கூடாது என்றாள் ஜயா.

சங்கிலி தலையைச் சொறிந்தார். "அப்போ அம்மா இன்னைக்கே பயணம் பொறப்பட்டாச்சு. செவ்வாக்கெழம நான் ஏத்திட்டுப் போறது வெறும் லக்கேஜுதான். அப்படித்தானே சார் சொல்லுதீய?"

ஜயா சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் உடம்பு குலுங்கச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பதற்கு இடுப்பில் கையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவள் சமைக்கவில்லை. தான் கிளம்பியாயிற்று, இது இனிமேல் அடுத்தவர் வீடு என்று சொல்லிக் கூடத்தில் விருந்தாளிபோல் படுத்திருந்தாள். நான் வைத்த ரசத்தைக் குடித்து, நன்றாக இருப்பதாக மரியாதைக்குச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சங்கிலி பின்னிருக்கையில் மெத்தை போட்டுக்கொண்டு வந்தார். கங்கைகொண்டானில் முத்துராணி சாலைவரை வந்து பையைக் கொடுத்தாள். மதுரையில் சக்கர நாற்காலியோடு ஒரு பெண் வந்தாள். ஜயா உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளிடம் மாத்திரை, கம்பளி, கொழும்பில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மூன்று நாளாகச் சொன்னதையே இன்னொருமுறை சொன்னேன். அவள் தலையாட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆகாது என்பதற்காகவா, கழுத்தைத் திருப்பினால் வலிக்கும் என்பதற்காகவா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணி வாக்கில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. "பொத்தானை அழுத்தினேன். நீண்டு கட்டிலாயிடுத்து. போர்வை தராள். படுத்துக்கறேன்."

புதன்கிழமை அவள் மெல்பர்னில் இறங்கினாள். டாக்டர் சொல்லியிருந்த தேதிக்கு முன்பாகவே, அடுத்த திங்கட்கிழமை, மாதுரிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஜயா பக்கத்தில் இருந்தாள். குழந்தைக்கு மஹாலக்ஷ்மி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜயா அங்கே ஐந்து மாதம் இருந்து, அபிஜித் போட்ட பணத்தில் அதே மாதிரிப் படுக்கை இருக்கையில் ஊர் திரும்பினாள்; முதுகு முன்பைவிடத் தேவலை. லக்ஷ்மிநாராயணன் தன் அட்டையில் இருந்த பாயிண்டைக் கொடுத்து ஒரு கிரைண்டர் வாங்கினார். சங்கிலிபூதத்தான் இரண்டாவது கார் எடுத்திருக்கிறார், முத்துராணி அவர்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். நான் இன்னும் கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மறுபடியும் பாயிண்ட் சேர்கிறது. இந்தமுறை இரண்டு இருக்கை.