மூலையில் ஏறும் சூடு

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். இடது கை மடிப்பு சரியாக வரவில்லை, விட்டுவிட்டான். ஜன்னல் கொக்கியைப் போட்டான். போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தான். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. அதனால் நின்றுகொண்டே பாலைக் குடித்தான்.

"கால்ல வெந்நீரைக் கொட்டின மாதிரி நிக்கிறீங்களே மாப்பிள்ளை, உக்காந்து குடிச்சா குறைஞ்சா போயிடும்?" என்றாள் மாமியார். மகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள். மகள் கண்ணை மூடிய பிறகும் இங்கேயே இருக்கிறாள். ஊருக்குப் போங்கள் என்று அவனும் சொல்லவில்லை, போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

"நேரமாச்சு அத்தை."

"இன்னிக்குத்தானே அந்தப் போட்டி?"

"போட்டி இல்ல. நம்ம காரையும் இன்னொரு கம்பெனி காரையும் பக்கத்துல நிறுத்தி சார்ஜ் ஏத்திப் பாக்குறது."

"அதைத்தான் நான் போட்டின்னு சொன்னேன். என் பொண்ணு செஞ்ச தட்டு உள்ள இருக்கிற கார்தானே ஜெயிக்கும்?"

"வரேன்" என்றான்.

"அந்தக் கார் ரோட்டுக்கு வந்ததும் என்னை ஒரு தடவை அதுல ஏத்திட்டுப் போங்க. பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அவன் அதற்குள் படி இறங்கிவிட்டான்.

தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு நீளமான கொட்டகை. மற்ற கம்பெனிகளின் மின்சாரக் கார்களை, சாதாரண ஆள் வாங்குவதுபோல் கடையில் வாங்கி இங்கே கொண்டுவருவார்கள். அப்படி வரும் காருக்கு 'விருந்தாளி' என்று பெயர். முதலில் ராஜ உபசாரம்: கழுவுவது, துடைப்பது, ஓட்டிப் பார்ப்பது, சார்ஜ் ஏற்றுவது. கடைசியில் திருகு திருகாகக் கழற்றி மேசைமேல் பரப்பிவிடுவார்கள். எந்த விருந்தாளியும் வந்த உருவத்தில் திரும்பிப் போனதில்லை.

அந்தக் கொட்டகையில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பாகத்தை யார் வரைந்தார்களோ, அதை அவர்கள் பெயராலேயே அழைப்பார்கள். கம்பெனியின் சொந்தக் காரின் பேட்டரிக்கு அடியில் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டு. உள்ளே வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். அவற்றில் குளிர்ந்த நீர் ஓடி, மேலே இருக்கும் பேட்டரி செல்களின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அதை வரைந்தவள் அவன் மனைவி. அவனை எல்லோரும் அண்ணன் என்றதால் அவள் அண்ணி. தட்டு, 'அண்ணி தட்டு'.

அவள் போன பிறகு அந்தத் தட்டை யாரும் குறை சொல்வதில்லை. சார்ஜ் ஏறும்போது நான்கு மூலைகளிலும் செல்கள் சுட்டன. சூடு கண்டதும் கார் சார்ஜ் ஏறும் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. செல் விற்றவனைத் திட்டினார்கள். மென்பொருளைத் திருத்தினார்கள். தண்ணீர் தள்ளும் பம்பை மாற்றினார்கள், போதாதென்று அதைவிடப் பெரியதாக இன்னொன்று வைத்தார்கள். தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதை. தட்டின்மேல் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் தட்டை அடித்தெடுக்கும் அச்சுக்கு ஆர்டர் போகிறது. அச்சு வந்துவிட்டால் அப்புறம் எல்லாக் கார்களிலும் அதே தட்டுத்தான்.

இரண்டு கார்களும் பேட்டரியை ஒரே அளவுக்குக் காலி செய்துகொண்டு, ஒரே அறையில் ஒரே குளிரில் கிடந்து, இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேடம் தலையசைத்ததும் இரண்டுக்கும் சார்ஜர் மாட்டினார்கள். மேடம்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவி.

திரையில் சார்ஜ் ஏறும் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகள் ஒட்டிப் பிறந்தவைபோல் ஏறின. அவன் காரைச் சுற்றி நடந்தான். மறுபடி சுற்றினான்.

"அண்ணே, கோயிலா இது? பிரதட்சணம் பண்றீங்க" என்றான் பம்பு. பம்பை வரைந்தவன், அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

பாதி சார்ஜ் ஏறியதும் விருந்தாளியின் கோடு நேராகப் போயிற்று. சொந்தக் காரின் கோடு படியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"நாலு மூலையும் சுடுது. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல செல்லு செத்துடும்" என்று திரையைப் பார்த்தபடியே சொன்ன பம்பு, அவன் நிற்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "வீணாப் போயிடும்னு சொல்ல வந்தேன்."

"பம்புக்கு வலு பத்தல. தண்ணி மூலை வரைக்கும் எட்டல" என்றார் மேடம்.

"மேடம், இப்ப வச்சிருக்கிற பம்பு கிணத்தையே இறைச்சிடும்."

"அப்ப ஏன் சுடுது?"

"தள்றதுதான் என் வேலை. தள்ளினது எந்தப் பக்கம் போகுதுன்னு தட்டைத்தான் கேக்கணும்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசு" என்றார் மேடம் தாழ்ந்த குரலில். "பம்பு வேலையை நாளையிலேருந்து வேற ஆள் பாக்கட்டும். நீ கதவு, கண்ணாடிப் பக்கம் போ. தட்டு அப்படியே அச்சுக்குப் போகுது. கடைசி மூச்சு வரைக்கும் இந்தக் காரையே நினைச்சவ அவ. அவ கையால வந்த ஒண்ணாவது இதுல இருக்கட்டும்."

பம்பு முகம் சுருங்கிப்போனான். "மன்னிச்சிடுங்கண்ணே. அண்ணியைச் சொல்லல" என்றான். மூன்று வருடம் பம்போடு மல்லுக்கட்டியவன். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

அண்ணனுக்கு உள்ளங்கை அரித்தது. பேன்ட்டில் தேய்த்தான். பம்பு சொன்னது சரி என்பது அந்தக் கொட்டகையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீர் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். நடு வாய்க்கால்கள் அகலம், மூலையில் வளைவு குறுகல். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் நடுவே புகுந்து நடுவே வெளியே வந்துவிடும். சொன்னால் தட்டு குப்பைக்குப் போகும். அவள் செய்தது என்று உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மாமியாரை எந்தக் காரில் ஏற்றுவது? சொல்லாவிட்டால் பம்பு கதவுக்குப் போவான், மூலைகள் வெந்துகொண்டே இருக்கும்.

இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

மேடம் போனை எடுத்தார். அச்சுக்காரரைக் கூப்பிடத்தான் இருக்கும்.

"வேணாம் மேடம்" என்றான். "தப்பு தட்டுலதான். பம்பு மேல ஒண்ணும் இல்ல."

மேடம் போனை இறக்கினார். "நீயா சொல்றே? அவ உழைப்பை நீயே…"

"நான் சொல்லல. அவ சொன்னா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில. கடைசியா."

"கடைசியா, எப்படியாவது நம்ம கார் ஜெயிக்கணும்னுதானே சொன்னா? நீதானேப்பா சொன்னே."

"நீங்க சொன்னீங்க மேடம். நான் தலையை ஆட்டினேன்."

பம்பு மெல்ல அருகில் வந்து நின்றான். யாரோ சார்ஜரை நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியது.

"என்னதாண்ணே சொன்னாங்க?" என்றான் பம்பு.

அண்ணன் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. பேசினால் மூச்சு வாங்கும் என்று நர்ஸ் பேசவிடவில்லை. நர்ஸ் வெளியே போகும்வரை அவள் காத்திருந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவர்களிடம் சொன்னான்:

"மூலைக்குத் தண்ணி போகலடா, நான் வளைச்சது தப்பு. எந்திரிச்சுப் போய் அவங்ககிட்ட சொல்லு, சும்மா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதே."