கல்யாணத்தன்று செத்த உயில்

அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்ததே நான்தான். அம்மா போன பிறகு மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு அம்மாளிடம் பேசும்போது மட்டும் சிரித்தார். இந்த வயதில் கல்யாணமெல்லாம் எதற்கு என்று இருவரும் இழுத்தார்கள். நான் விடவில்லை. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் அவங்களை யாரும் வெளியே போகச் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் சண்டை போட்டு, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டேன். என்னவோ சாதித்துவிட்ட மிதப்பு எனக்கு.

வீட்டின் கீழ்த்தளம் என் பட்டறை. வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். பழைய ரெக்ஸினைக் கிழித்து, அமுங்கிய ஸ்பாஞ்சைச் சீவி எடுத்து, புதியதை இழுத்துப் பிடித்து ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். அப்பா தொடங்கிய தொழில். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து நான் பார்க்கிறேன். அண்ணன் வெளியூரில் இருக்கிறான். ரெக்ஸின் வாசம் அவனுக்குத் தலைவலியாம். தலைவலி தராத பொருள் பணம் ஒன்றுதான் அவனுக்கு.

அப்பா உயில் எழுதி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் இறந்த பிறகு நானும் அண்ணனும் வக்கீலிடம் போனோம். வக்கீல் நிதானமாக விளக்கினார். வீடும் பட்டறையும் எனக்கு என்று குறிப்பிட்டு எழுதியிருந்தார். ஒரு தொகை, எந்தப் பணத்திலிருந்து வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம், அது அண்ணனுக்கு. மிச்சம் மீதி இருப்பது இருவருக்கும் சமமாக. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா இது செல்லாதும்மா. நம்ம கிறிஸ்தவங்களுக்கான சட்டத்துல, உயில் எழுதினவர் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டா பழைய உயில் தானாவே ரத்தாயிடும். கிழிக்கவும் வேண்டாம், வேற எழுதவும் வேண்டாம்."

உயிலே எழுதாதவருக்கு என்ன பங்கோ அதுதான். மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மற்ற இரண்டும் எனக்கும் அண்ணனுக்கும். வீட்டை விற்றுவிடலாம் என்று படியிறங்குவதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். புதிதாக ஒன்று எழுதிவிடுங்கள் என்று அப்பாவிடம் முன்பே சொன்னதாகவும், பார்க்கலாம் என்று போனவர் திரும்பி வரவில்லை என்றும் வக்கீல் சொல்லியிருந்தார். மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற மனிதர்.

மாடியில் சித்தி அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். உங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுங்கள், அண்ணன் பங்கை எப்படியாவது வாங்கிவிடுகிறேன், கடைசிவரை நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்று கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அது அதட்டல் மாதிரி வந்தது.

"நீ எனக்குச் செஞ்சத மறக்க மாட்டேன். ஆனா இதக் கேக்காதம்மா. ஒரு தடவை ஒரே ஒரு பையோட ஒரு வீட்ட விட்டு வெளிய வந்தவ நான். என் பங்கு என் கையில இருக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். இரண்டு பேர் பங்கையும் விலை கொடுத்து வாங்க எனக்கு வழி ஏது? அப்பா மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது என்று முனகினேன்.

"அவர் மறக்கல," என்றார் சித்தி. "ஏன் இன்னும் எழுதலன்னு நானே கேட்டேன். 'அவ கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவா. உனக்கு யாரு இருக்கா'ன்னார்."

கீழே வந்தேன். மேசையில் பாதி உறை மாட்டிய ஸ்கூட்டர் சீட் கிடந்தது. ரெக்ஸினை இழுத்துப் பிடித்தேன். என்னால் முடியும் என்பதற்காகவே எனக்கு இல்லாமல் போயிற்று. நான் தடுமாறுகிறவளாக இருந்திருந்தால் அப்பா எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார். அழுகை வந்தது. அழுதுகொண்டே பின் அடித்து முடித்தேன்.

சீட்டை வாங்க வந்தவர் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த மாதம் காரையும் கொண்டு வருவதாகச் சொன்னார்.

"இங்கதானே இருப்பீங்க?"

"உங்க போன் நம்பரக் குடுத்துட்டுப் போங்க," என்றேன்.