ரூபிக்கு உப்பு ஆகாது

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஓவன் முன்னால் குந்தியிருந்தான் லோவெல். கண்ணாடி வழியாக உள்ளே வேகும் பிஸ்கட்டை அவன் பார்த்த பார்வையில், பிரசவ அறை வாசலில் காத்திருக்கும் தகப்பன் தோற்றான்.

சாப்பாட்டு மேஜையருகே வீங்கிய வலது காலை எதிர் நாற்காலியில் நீட்டிப் போட்டபடி மார்லிஸ் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பில் எந்தத் திருகைத் திருப்பினால் எது எரியும் என்று தெரியாத மனுஷன் அவள் புருஷன். ஒரு குளிர்காலத்தில் அவள் நிமோனியாவில் விழுந்து கிடந்தபோது, சூப் டப்பாவைத் திறக்காமலே கட்டிலோரம் வைத்துவிட்டு, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். டப்பா திறப்பான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். அந்தக் கையாலாகாத கைகள்தான் இப்போது ஓட்ஸை மாவாகத் திரிக்கின்றன, பரங்கிக்காயை வேகவைத்து மசிக்கின்றன, முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து எலும்பு வடிவ அச்சில் பூப்போல வெட்டி எடுக்கின்றன.

யாருக்கு? ரூபிக்கு. ரூபி ஒரு பீகிள் நாய். பீப்பாய் உடம்பு, தரையைத் தொடும் வயிறு. பக்கத்து வீட்டுக் குப்பையில் குழந்தை கழித்துப் போட்ட டயாப்பர் கிடைத்தால் அதையும் விடாது. அந்த மகாராணிக்குச் சர்க்கரை ஆகாதாம், உப்பு ஆகாதாம், கோதுமை ஒத்துக்கொள்ளாதாம். அவளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று லோவெலைக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். மார்லிஸுக்கு எந்த மாத்திரை ஆகாது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

வெறும் பாசம் என்றாலாவது போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். ஆகஸ்டில் நடக்கும் கவுண்டி, அதாவது மாவட்டத் திருவிழாவில், மாட்டுக் கொட்டகைக்கும் ஊறுகாய்க் கூடாரத்துக்கும் நடுவில் வீட்டில் செய்த நாய்ப் பண்டத்துக்கு ஒரு போட்டி உண்டு. செய்தவர் முதலில் ஒரு பிஸ்கட்டைத் தானே தின்று காட்ட வேண்டும். அப்புறம் நடுவரின் நாய்கள் தின்னும். எந்தத் தட்டு முதலில் காலியாகிறதோ அதற்கு நீல ரிப்பன். லோவெலுக்கு வருஷா வருஷம் இரண்டாம் பரிசுச் சிவப்பு ரிப்பன்தான். நீலத்தைக் கொண்டுபோவது ஆர்டெல் ஸ்வென்சன் என்கிற விதவைக் கிழவி. இந்த வருஷம் அவளை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று தலைகீழாக நின்றான். திருவிழாவுக்கு முன்னால் தான் சுட்டதைத் தானே ருசி பார்ப்பதும் கிடையாது. நாய்த் தீனியை எவன் தின்பான் என்று முகம் சுளிப்பான். போட்டியன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான்.

திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. மார்லிஸின் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். விட்டால் பனிக்காலம்தான். ஒரே நிபந்தனை, வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சமைத்துப் போட, கக்கூஸுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக. ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே அவனிடம் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையா?" என்றான், முள்கரண்டியை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்தி. "அன்னைக்குத்தானே போட்டி?"

"தெரியும்."

"வேற நாள் கேட்டுப் பாரேன். அவங்க நல்லவங்கதான், கேட்டா குடுப்பாங்க."

"நான் ராத்திரி தூங்கி எத்தனை மாசமாச்சுன்னு தெரியுமா லோவெல்?"

"எனக்கும்தான் முதுகு வலி. நான் யார்கிட்டயாவது சொல்றேனா? அதுவும் தவிர, எனக்கு என்ன சமைக்கத் தெரியும்? உன்னைப் பட்டினி போட்டுக் கொன்னுடுவேன்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய், கையில் தடிமனான ஓவன் உறையை மாட்டிக்கொண்டு, தட்டைப் பக்குவமாக வெளியே எடுத்து, சூடு ஆறட்டும் என்று ஊதினான் பாருங்கள், மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

எதிர்வீட்டு டார்லா இரண்டு தரம் கேட்டுவிட்டாள், "நான் வந்து இருக்கட்டுமா மார்லிஸ்? என் வீடு சும்மாதானே கிடக்கு" என்று. "வேணாம்டி, எனக்குப் புருஷன் இருக்கான்" என்று இரண்டு தரமும் மார்லிஸ் சிரித்துச் சமாளித்தாள். நாய் பிஸ்கட்டுக்காகப் புருஷன் கைவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? இன்னமும் மனசு கேட்கவில்லை. புதன்கிழமைக்குள் அவனுக்கே உறைக்கும், "போட்டி கிடக்குது கழுதை, நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

புதன்கிழமை வந்தது. வார்த்தை வரவில்லை. பிஸ்கட்டில் சேர்க்கும் பீனட் பட்டர் தீர்ந்துபோனதுதான் வந்தது.

"மார்லிஸ், கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடேன். எது வாங்கணும்னு உனக்குத்தானே தெரியும்?"

"என் காலைப் பாத்தியா?"

"கார்லதானே போகப்போற."

"நான் போகல."

அவன் காதையே அவன் நம்பவில்லை. வாசற்கதவை அறைந்துவிட்டுத் தானே போனான். திரும்பி வந்தபோது முகத்தில் உலகத்தை ஜெயித்த களை. ஜாடியை மேஜைமேல் டக்கென்று வைத்தான்.

"பாத்தியா? துளி சர்க்கரை இல்லாதது. இருக்கிறதுலயே விலை ஜாஸ்தி. நீ வாங்குறது எல்லாம் மட்டமான சரக்கு. ஆர்டெல் தொலைஞ்சா!"

பிசைந்தான், வெட்டினான், சுட்டான். கம்பித் தட்டில் வரிசையாக ஆறவைத்தான். போட்டிக்குக் கொண்டுபோகும் கூடைக்குக் கட்ட நாடா வேண்டுமென்று கராஜுக்குள் போய்ப் பெட்டிகளை உருட்ட ஆரம்பித்தான்.

மார்லிஸுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. காலையிலிருந்து நிற்க முடியவில்லை, அதனால் வீட்டில் எதுவும் சமைக்கவில்லை. அவன் மட்டும் கடைக்குப் போன வழியில் ஏதோ தின்றுவிட்டு வந்திருந்தான், சட்டையில் கடுகுச் சாஸ் சொட்டியிருந்தது. அவளுக்கு ஒரு துண்டு ரொட்டி வாங்கி வரத் தோன்றவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது பிஸ்கட்தான். மானம் வெட்கம் பார்த்தால் வயிறு நிறையுமா? ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்று. மூன்றாவதை மெல்லும்போதுதான் நாக்கு சொன்னது, இனிக்கிறது.

உப்பில்லை, சரி. சர்க்கரை இல்லையென்று தம்பட்டம் அடித்தானே, பிறகு எப்படி இனிக்கும்?

ஜாடியை இழுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கருகே வைத்துப் படித்தாள். சர்க்கரைக்குப் பதிலாக, பிர்ச் மரத்திலிருந்து எடுக்கும் இனிப்பு என்று போட்டிருந்தது. போன கிறிஸ்துமஸில் டார்லாவின் நாய், கைப்பையிலிருந்த சூயிங்கத்தைத் தின்று செத்துப் பிழைத்தது இதே சாமானால்தான். மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு விஷம். வெள்ளிக்கிழமை நடுவரின் நாய்கள் அத்தனையும் இதைத் தின்றிருக்கும்.

அதே நேரம் பிஸ்கட் வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு ரூபி உருண்டு வந்து, முன்னங்கால் இரண்டையும் நாற்காலியில் வைத்துத் தட்டுக்கு எக்கியது. மார்லிஸ் சட்டென்று எழுந்தாள். முட்டியில் நெருப்பு வைத்தாற்போல வலித்தது. கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, கூடத்துக்குத் தள்ளி, நாயைத் தடுக்கப் போட்டிருந்த முழங்காலளவு குட்டிக் கதவைச் சாத்தினாள்.

"அவளை ஏன் இழுக்குற?" லோவெல் நாடாவோடு வாசற்படியில் நின்றான். பார்வை தட்டுக்குப் போனது. "ஐயோ, வரிசையில மூணு காணோமே! போட்டிக்கு முழுசா வேணும்னு தெரியாதா உனக்கு?"

அவள் ஜாடியைத் திருப்பி, விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது டார்லாவோட நாயைக் கொல்லப் பாத்த சாமான். துளி சர்க்கரை இல்லாததுன்னு வாங்கிட்டு வந்தியே, அதுக்குப் பதிலா போட்டிருக்கிறது."

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. குட்டிக் கதவை ஒரே தாண்டாகத் தாண்டி, தரையில் மண்டியிட்டு, ரூபியின் வாயைப் பிளந்து உள்ளே விரலை விட்டான். இந்த மனுஷனுக்கா முதுகு வலி?

"தங்கம், என் கண்ணு, தின்னியாடா? துப்புடா, துப்பு! மார்லிஸ், டாக்டருக்குப் போன் போடு! மூணு தின்னிருக்கா! சீக்கிரம்!"

"அவ தின்னல."

"அப்ப அந்த மூணு எங்க போச்சு?"

"நான் தின்னேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின.

"நீயா? அப்பாடா! நான் பயந்தே போயிட்டேன்."

மார்லிஸ் காத்திருந்தாள். அடுத்ததாக ஒரு கேள்வி வர வேண்டும். உனக்கு ஒன்றும் ஆகாதே? இல்லை, நாய் பிஸ்கட்டைத் தின்னும் அளவுக்கா பசி? இரண்டில் எது வந்தாலும் போதும் என்றிருந்தது. அவன் ரூபியின் காதை நீவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் நேரம் இருக்கு. திரும்பச் சுட்டுடலாம். எந்த ஜாடி வாங்கணும்னு மட்டும் சொல்லு."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். தட்டைத் தூக்கி அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். டார்லாவைப் போனில் கூப்பிட்டு, "உன்னால எங்கூட வந்து இருக்க முடியுமாடி? எனக்கு ஆள் வேணும்" என்றாள். இத்தனை நாள் தொண்டையில் முள்ளாக நின்ற வாக்கியம், எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே வியப்பு. "என்னடி கேள்வி, இப்பவே பையோட வரேன்" என்றாள் டார்லா.

அடுத்து ஆஸ்பத்திரி. போனில் வந்தது சின்னப் பெண் குரல்.

"வெள்ளிக்கிழமை வந்துடுறேன்மா. டார்லான்னு என் சிநேகிதி, அவ கூட இருந்து பாத்துக்குவா."

"ரொம்ப நல்லதுங்க. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

மார்லிஸ் கூடத்தைப் பார்த்தாள். லோவெல் இன்னும் மண்டியிட்டபடியே நாயின் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாய் இருக்கும்மா," என்றாள். "அதைப் பாத்துக்க ஒரு ஆள் இருக்கான். வேற யாரும் இல்ல."