பெயின்ட் அடிக்கும் முன்

சைக்கிளில் இருந்த துருவைப் பார்த்ததுமே அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைத்தான் பெரியவளால் பொறுக்க முடியவில்லை.

சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கல்லூரி வரை ஆளரவமில்லாத நீளச் சாலை. "ஒத்தையில நடந்து போக விடமாட்டேன். சைக்கிள் இருந்தா பாக்கலாம்" என்று அப்பா சொன்னது, சைக்கிள் வரவே வராது என்ற தைரியத்தில். வீட்டின் முதல் பட்டதாரியான பெரியவளோ, தன் ஆபீஸ் டிரைவரிடம் கேட்டு, ஆபீஸ் கார் ஷெட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் கிடந்த இரும்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

"இதையா? பேரீச்சம்பழத்துக்குக்கூட எடுக்க மாட்டான்."

"துரு மேலாப்புலதான் இருக்குப்பா. சுரண்டிப் பெயின்ட் அடிச்சா புதுசு."

"உனக்குத் தோதுன்னா கழுதையையும் குதிரைன்னுவ. நீ படிச்சப்போ உன் காலேஜுக்கு நேர் பஸ் இருக்குன்னு சொன்னவதான?"

அப்படிப் பொய் சொன்னது உண்மை. மூன்று பஸ் மாறி மாறித்தான் அவள் பட்டம் வாங்கினாள். சைக்கிளைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் சைக்கிளைப் பிரித்துப் போட்டார்கள். சக்கரம், சீட், பெடல் எல்லாம் ஒரு பக்கம். வெறும் பிரேம் மட்டும் இரண்டு வாளிகளின்மேல் தலைகீழாக. பெரியவள் கம்பி பிரஷால் தேய்க்க, சின்னவள் உப்புத்தாளால் இழைத்தாள்.

"அக்கா, கை எரியுது."

"எரியட்டும். படிப்புன்னா சும்மாவா?"

"இதுக்கு மார்க் உண்டா?"

"பல்ல இளிக்காம தேய். உங்கப்பா ஜன்னல் வழியா பாக்குறாரு."

"ஏன், உனக்கு மட்டும் சித்தப்பாவா?"

பொழுது சாயும்போது இரும்பு வெள்ளிபோலச் சாம்பல் நிறத்தில் வெளிவந்தது. பெயின்டுக்கு முந்தின பூச்சான பிரைமர் வாங்க, ஞாயிறன்று கடை இல்லை. மறுநாள் வேலை முடிந்து வாங்கிவந்து அடிப்பதென்று முடிவு. அதுவரை யாரும் தொடக் கூடாதென்று பெரியவள் சின்னவளிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்த வீட்டில் அம்மாவிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. பெரிய நியாயக்காரியான பெரியவளும் அதில் சேர்த்தி.

மறுநாள் பிரைமர் டப்பாவோடு வந்தவள், பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக்கிச் சுற்றிக் கட்டிவைத்திருந்த பிரேமைப் பார்த்தாள். அவிழ்த்தாள். உள்ளே குப்பென்று ஈரம். பிரேம் முழுக்கக் காவி உடுத்தியிருந்தது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

"நான்தான்டி" என்றாள் அம்மா. "ஒரே தூசியா இருந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, மழையில நனையக் கூடாதுன்னு மூடியும் வச்சேன்."

"தோலுரிச்ச இரும்பும்மா அது! தண்ணியையும் ஊத்தி மூச்சுமுட்ட மூடியும் வச்சா வேற என்ன ஆகும்?"

"சாமான் அழுக்கா இருந்தா கழுவத்தான செய்வாங்க?"

"இது என்ன குழம்புச் சட்டியா?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பிரேமின் மறுபக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள். பெரியவளும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

ஒரே நாளில் வந்த துரு. தேய்க்கத் தேய்க்கச் சுலபமாகவே போனது. கோபம் அத்தனை சுலபமாகப் போகவில்லை. எல்லா இடமும் வெளுத்த பிறகும், பெடல் அச்சு உட்காரும் கூட்டுக்குப் பக்கத்தில், பிரேம் குழாயில் ஓரிடம் மட்டும் துடைத்ததும் காய்ந்து, மறுபடி ஒரு பழுப்புச் சொட்டு விட்டது.

"இங்க மட்டும் கசியுதே" என்றாள் அம்மா.

பெரியவள் ஸ்குரூடிரைவர் முனையை அங்கே வைத்து அழுத்தினாள். நமுத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது. சுற்றிலும் தட்டினாள்; அங்கும் சத்தே இல்லை. வருஷக்கணக்காக மழைநீர் உள்ளே தேங்கி, குழாயை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. அம்மா ஊற்றிய தண்ணீர் புகுந்து வெளியே வந்ததால்தான் தெரிந்தது. இல்லையென்றால் பெரியவளே அதன்மேல் பிரைமர் அடித்திருப்பாள்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"அக்கா, பட்டி வச்சு அடைச்சிடலாம். மேல பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்? நான் மெதுவா ஓட்டுறேன். சத்தியமா மெதுவா ஓட்டுறேன்."

பிரைமரோடு வாங்கிவந்த பட்டிப் பசை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பெரியவள் எடுத்தாள், மூடியையும் திறந்தாள். நேர் பஸ் என்று சொன்ன பொய்யை அவளுடைய கால்களே சுமந்தன. இந்தப் பொய்யைச் சுமக்கப்போவது சின்னவளின் கழுத்து.

மூடியை அழுத்தி மூடினாள். பிரேமைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"ஓட்டை. தாங்காது."

அப்பா குனிந்து பார்த்தார். இந்த முறை முகம் மலரவில்லை.

"வெல்டிங் வச்சா?"

"சுத்தியும் காகிதம் மாதிரி இருக்கு. சூடு பட்டா இன்னும் விரியும்."

"பட்டி வச்சு மூடியிருந்தா எனக்கென்ன தெரியப்போகுது?"

"தெரியாதுதான். நீங்க ஜெயிச்சீங்க, போதுமா?"

வாசற்படியில் சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "சைக்கிள்தான ஓட்டை? அதுக்கு அவ ஏன் வீட்ல உக்காரணும்?" என்றாள். இரைந்து சொல்லவில்லை. ஆனாலும் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா பிரேமை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு பெரியவளைக் கேட்டார்.

"பஸ்ஸ விட்டு இறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும்? ஓட்டைய மறைக்காதவ, நீ சொல்லு."

"ரொம்ப தூரம்ப்பா. பாதிக்கு மேல விளக்கும் கிடையாது."

அவர் தலையாட்டினார். "நாளைக்கு நானும் வரேன். நடந்து பாத்துட்டுப் பேசுவோம். அவள நல்ல செருப்பாப் போட்டுக்கச் சொல்லு."